கலப்புச் சுருள்கள்: நியூக்ளிக் அமிலப் படிகங்கள் கூறும் உண்மை

கோலார் தங்கவயலில் நந்திதுர்க் சுரங்கத்திலிருந்து வெளிவந்த தாதுக்கல்லைப் பார்த்தவர்கள் ஓர் உண்மையை அறிவர். அக்கல்லில் தங்கம் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. குவார்ட்ஸ் பாறையினுள்ளே அது நுண்துகள்களாக மறைந்து கிடக்கும். பாறையை இடித்து, அரைத்து, இரசாயன முறைகளால் பிரித்த பின்னரே உலோகம் கைக்கு வரும். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. எனினும் குவார்ட்ஸும் தங்கமும் அவ்வூர் மக்களின் பேச்சினின்றும் நீங்கவில்லை.

இவ்விரண்டும் படிகப் பொருள்கள் என்பதே நாம் இங்குக் கருத வேண்டிய செய்தி. படிகம் என்பது யாது? ஒரே அமைப்புடைய அணுக்கூட்டம் மேலும் கீழும், இடமும் வலமும், முன்னும் பின்னும் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருப்பதே படிகம். தங்கத்தில் இவ்வடுக்கின் அலகு ஒரு சிறு கனசதுரம். அதன் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் தங்க அணுக்கள் அமைந்துள்ளன. அக்கனசதுரத்தின் பக்கம் 4.08 ஆங்ஸ்ட்ராம். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கே ஓர் ஆங்ஸ்ட்ராம் ஆகும். இத்துணைச் சிறிய நீளத்தை அளந்தறிய உதவுவது எக்ஸ்-கதிர். இக்கதிர் படிகத்தில் பட்டுச் சிதறும்போது, ஒழுங்காக அமைந்த அணு வரிசைகள் அதனைக் குறிப்பிட்ட சில திசைகளில் மட்டும் வலுவாக வெளியே அனுப்புகின்றன. படச்சுருளில் அவை புள்ளிகளாகப் பதிகின்றன. அப்புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் கொண்டு கணக்கிட்டால், படிகத்தினுள் எந்த அணு எங்கே இருக்கிறது என்று கூறிவிடலாம்.

நந்திதுர்க்கிலிருந்து மேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலேறிப் பணிக்குச் செல்வோர் பலர். அந்நகரின் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த பௌதிக விஞ்ஞானி ஒருவர், 1970-களில் இங்கிலாந்து நாட்டு ஆராய்ச்சியாளருடன் இணைந்து, இதே எக்ஸ்-கதிர் முறையால் தங்கத்தினும் அரிய ஒரு பொருளின் படிகத்தை ஆராய்ந்தார். அப்பொருள், உயிர்களின் பரம்பரைச் செய்தியைத் தாங்கும் நியூக்ளிக் அமிலம். அவ்வாராய்ச்சி தீர்த்து வைத்த ஐயம் எது, அவ்வழியில் வளர்ந்த அறிவு நோயாளிக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நான்கு எழுத்துகள், இரண்டு சர்க்கரைகள்

நியூக்ளிக் அமிலங்கள் இருவகைப்படும். ஒன்று டி.என்.ஏ.; மற்றொன்று ஆர்.என்.ஏ. இரண்டும் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள். சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்த சங்கிலியில், ஒவ்வொரு சர்க்கரையிலும் ஒரு காரம் தொங்குகிறது. டி.என்.ஏ.யில் உள்ள காரங்கள் நான்கு: அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின். ஆர்.என்.ஏ.யில் தைமினுக்குப் பதிலாக யுராசில் என்னும் காரம் உள்ளது. இந்நான்கு காரங்களே பரம்பரைச் செய்தியின் எழுத்துகள். அவை அடுத்தடுத்து நிற்கும் வரிசையே செய்தி.

இரு அமிலங்களுக்கும் இடையிலுள்ள மற்றொரு வேற்றுமை சர்க்கரையில் உள்ளது. ஆர்.என்.ஏ.யின் சர்க்கரை ரிபோஸ். அதன் இரண்டாம் கரி அணுவில் ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு தொகுதி உண்டு. டி.என்.ஏ.யின் சர்க்கரையில் அவ்விடத்தில் ஆக்சிஜன் இல்லை. ஓர் ஆக்சிஜன் அணுவின் வேற்றுமைதானே என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. இக்கட்டுரையில் பின்னர்க் காணப்போகும் பலவற்றிற்கு இந்த ஓர் அணுவே காரணம்.

1953-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் டி.என்.ஏ.யின் அமைப்பைப் பற்றிய தம் கருத்தை வெளியிட்டனர். இரண்டு சங்கிலிகள் எதிர்த்திசையில் ஓடி, ஒன்றையொன்று வலஞ்சுழியாகச் சுற்றி, இரட்டைச் சுருளாக அமைகின்றன. உட்புறத்தில் அடினைன் எதிரே தைமினும், குவானைன் எதிரே சைட்டோசினும் நின்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் கைகோத்துக் கொள்கின்றன. முதல் இணைக்கு இரண்டு பிணைப்புகள், இரண்டாவதற்கு மூன்று. ஒரு சங்கிலியின் எழுத்து வரிசை தெரிந்தால் மற்றதன் வரிசை தானே தெரியும். உயிர் தன் செய்தியைப் பிரதி எடுக்கும் இரகசியம் இவ்விணையில் அடங்கியிருக்கிறது என்று அவர்கள் சுட்டிக்காட்டினர்.

இழையிற் கண்டதும் படிகத்திற் கண்டதும்

அக்கருத்து அழகியது; ஆயினும் அது ஒரு மாதிரி உருவமே. ரோஸலிண்ட் பிராங்க்ளினும் மாரிஸ் வில்கின்ஸும் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்கள் அதற்கு ஆதாரமாயின. ஆனால் அப்படங்கள் டி.என்.ஏ. இழைகளிலிருந்து எடுக்கப்பட்டவை, தனிப் படிகங்களிலிருந்து அல்ல. இழையில் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே திசையில் நீண்டு கிடந்தாலும், எழுத்துகளின் வரிசை இடத்திற்கு இடம் வேறுபடும். எனவே சுருளின் பொது அளவுகள் கிடைக்கும்: படிக்குப் படி 3.4 ஆங்ஸ்ட்ராம் உயரம், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 படிகள் என்றவாறு. எந்த அணு எந்த அணுவோடு பிணைந்துள்ளது என்பதை இழை நேராகக் காட்டாது. அதைக் காட்டவல்லது படிகம் ஒன்றே.

படிகத்தின் முதற் சாட்சியம் மாறாக அமைந்தது. அமெரிக்காவில் கார்ஸ்ட் ஹூக்ஸ்டீன் என்பவர், அடினைன் தைமின் ஆகிய இரு காரங்களின் எளிய மீத்தைல் சேர்மங்களை ஒன்றாகக் கரைத்துப் படிகமாக்கி, அதன் அமைப்பை 1959-இலும் பின்னர் விரிவாக 1963-இலும் வெளியிட்டார். அங்கே அடினைனும் தைமினும் இணைந்தே இருந்தன. ஆனால் வாட்சனும் கிரிக்கும் கூறிய விதத்தில் அன்று. அடினைன் தன் முதலாம் நைட்ரஜனை நீட்டாமல், வளையத்தின் மறுபுறத்திலுள்ள ஏழாம் நைட்ரஜனை நீட்டித் தைமினைப் பற்றியிருந்தது. இவ்வாறு இணைந்தால் இரு சர்க்கரைகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 2 ஆங்ஸ்ட்ராம் குறுகும். சுருளின் உருவமே மாறிப்போகும்.

தனித்து விடப்பட்ட காரங்கள் வேறு விதமாக இணைகின்றன எனில், சங்கிலியில் கோக்கப்பட்ட காரங்கள் எவ்விதம் இணைகின்றன? பாடநூல்கள் இரட்டைச் சுருளைப் படம் வரைந்து காட்டிய காலத்திலும், படிக விஞ்ஞானிகளிடையே இவ்வினா விடையின்றி நின்றது. 1973-இல் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அலெக்ஸாண்டர் ரிச் குழுவினர் முதல் விடையைத் தந்தனர். இரண்டே எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. துண்டுகளை அவர்கள் படிகமாக்கினர். அடினைனும் யுராசிலும் கொண்ட துண்டு தன் போன்ற மற்றொன்றோடு சேர்ந்து, வாட்சன்–கிரிக் முறைப்படியே இணைந்து, சுருளின் ஒரு சிறு பகுதியாக நின்றது. ஆர்.என்.ஏ.க்கு விடை கிடைத்தது. டி.என்.ஏ.க்கு இன்னும் கிடைக்கவில்லை.

பெங்களூரில் எழுந்த ஐயமும் தெளிவும்

இக்காலத்தில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இரட்டைச் சுருளைப் பற்றி ஓர் அடிப்படையான வினா எழுப்பப்பட்டது. எழுப்பியவர் வி. சசிசேகரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனுடன் பணிபுரிந்து, புரதங்களின் வடிவத்தைச் சோதிக்க உலகெங்கும் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடத்தை 1963-இல் வெளியிட்டவர்களில் ஒருவர் அவர். நீண்ட டி.என்.ஏ.யின் இரு சங்கிலிகளும் ஆயிரக்கணக்கான முறை ஒன்றையொன்று சுற்றியிருந்தால், பிரதி எடுக்கும்போது அவை எவ்வாறு சிக்கலின்றிப் பிரியும் என்பது அன்றைய வினாக்களுள் ஒன்று. வலஞ்சுழியாகச் சில படிகள், பின்னர் இடஞ்சுழியாகச் சில படிகள் என மாறி மாறி அமைந்தால் சங்கிலிகள் எளிதில் விலகும். அவ்வமைப்பும் இழைப் படங்களோடு முரண்படாது என்று சசிசேகரனும் அவர்தம் மாணவர்களும் 1970-களின் பிற்பகுதியில் வாதிட்டனர். நியூஸிலாந்திலும் ஒரு குழுவினர் தாமாகவே இதை ஒத்த கருத்தை 1976-இல் வெளியிட்டனர்.

இதனை வீண் வாதம் என்று எவரும் தள்ளிவிடவில்லை. 1979-இல் கிரிக் தாமே வேறிருவருடன் சேர்ந்து, டி.என்.ஏ. உண்மையில் இரட்டைச் சுருள்தானா என்று தலைப்பிலேயே வினவும் கட்டுரை எழுதி, வளைய டி.என்.ஏ.க்களில் சங்கிலிகள் எத்தனை முறை பின்னியுள்ளன என்ற பரிசோதனைகளைக் கொண்டு விடையிறுத்தார். இழைப் படம் ஒன்றினால் மட்டும் தீர்வு காண முடியாத அளவிற்கு அவ்வினா ஆழமானது என்பதை இது காட்டுகிறது.

அணுக்களை நேரிற் காட்டும் சான்று 1978-இல் வந்தது. அதனைத் தந்தவர்களுள் முதன்மையானவர் அதே இந்திய விஞ்ஞானக் கழகத்தின் எம். ஏ. விஸ்வமித்ரா. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஓல்கா கென்னார்ட் குழுவினரோடு சேர்ந்து அவர் ஆராய்ந்த படிகம், நான்கே எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. துண்டு. வரிசை: அடினைன், தைமின், அடினைன், தைமின். இத்துண்டு நேராக நின்று மற்றொரு துண்டோடு முழுவதும் இணையும் என்று எதிர்பார்க்கலாம். படிகத்தில் அவ்வாறில்லை. சங்கிலி நடுவில் வளைந்து, முதல் இரண்டு எழுத்துகளால் ஓர் அண்டைச் சங்கிலியோடும், கடைசி இரண்டு எழுத்துகளால் வேறோர் அண்டைச் சங்கிலியோடும் இணைந்திருந்தது. இவ்வாறு உண்டான ஒவ்வொரு சிறு சுருளும் வலஞ்சுழி. ஒவ்வோர் இணையும் வாட்சன்–கிரிக் இணை. டி.என்.ஏ. துண்டொன்றில் அடினைனும் தைமினும் அவ்விதம் கைகோத்து நிற்பதை அணு அணுவாகக் கண்டது அதுவே முதன்முறை. இரட்டைச் சுருளின் கருத்து வெளிவந்து கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

அப்படிகம் எதிர்பாராத வேறொன்றையும் கூறியது. அடினைனைத் தாங்கிய சர்க்கரை வளையம் ஒரு விதமாகவும், தைமினைத் தாங்கிய வளையம் வேறு விதமாகவும் வளைந்திருந்தன. அதாவது, சுருள் எங்கும் ஒரே சீராக இல்லை. எழுத்து வரிசைக்கு ஏற்ப அதன் உருவம் சிறிது சிறிது மாறுகிறது. 1979-இல் ஆரன் க்ளூக், விஸ்வமித்ரா, கென்னார்ட் முதலியோர் இதனை அடிப்படையாகக் கொண்டு, புரதங்கள் டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட இடத்தை அறிந்து பற்றுவதற்கு இவ்வுருவ வேறுபாடே உதவலாம் என்று கருத்துரைத்தனர். எழுத்து மட்டுமன்றி உருவமும் செய்தியே என்னும் எண்ணம் இவ்வாறு வலுப்பெற்றது.

பின்னர்ச் சான்றுகள் விரைந்து வந்தன. 1979-இல் ரிச் குழுவினர் சைட்டோசினும் குவானைனும் மாறி மாறி வரும் ஆறெழுத்துத் துண்டைப் படிகமாக்க, அது இடஞ்சுழியாகச் சுழன்றிருந்தது! இசட் வடிவம் என்று அதற்குப் பெயரிட்டனர். 1980-இல் ரிச்சர்ட் டிக்கர்ஸன் குழுவினர் பன்னிரண்டு எழுத்துத் துண்டில் ஒரு முழுச் சுற்றுக்கு மேற்பட்ட வலஞ்சுழிச் சுருளைக் கண்டனர். வாட்சன்–கிரிக் சுருள் நிலைபெற்றது. சில வரிசைகள் இடஞ்சுழியாகவும் சுழல முடியும் என்பதும் நிலைபெற்றது. ஹூக்ஸ்டீன் கண்ட இணையும் பொய்யன்று: வழக்கமான டி.என்.ஏ.யிலும் சில இணைகள் கணநேரம் அவ்வுருவை எடுத்து மீள்கின்றன என்று 2011-இல் காந்த ஒத்ததிர்வு முறையால் காட்டப்பட்டது.

கலப்புச் சுருள்

இதுகாறும் டி.என்.ஏ.யோடு டி.என்.ஏ.யும், ஆர்.என்.ஏ.யோடு ஆர்.என்.ஏ.யும் இணைவதைக் கண்டோம். ஒரு சங்கிலி டி.என்.ஏ.யாகவும் மற்றது ஆர்.என்.ஏ.யாகவும் இருந்தால் அவை இணையுமா? இவ்வினா உயிரியலின் மையத்திலுள்ளது. டி.என்.ஏ.யின் செய்தி ஆர்.என்.ஏ.யாகப் பிரதி எடுக்கப்பட்டே புரதமாக உருப்பெறுகிறது. பிரதி எடுக்க வேண்டுமெனில், ஒரு கணமேனும் இருவகைச் சங்கிலிகளும் எழுத்தோடு எழுத்தாக இணைந்து நிற்க வேண்டுமன்றோ?

1960-இல் ரிச் இதனைச் சோதித்தார். அடினைன் மட்டுமே கொண்ட ஆர்.என்.ஏ.யையும், தைமின் மட்டுமே கொண்ட சிறு டி.என்.ஏ.யையும் கலந்தார். அந்த டி.என்.ஏ. துண்டுகள் இயற்கையில் கிடைப்பவை அல்ல. பஞ்சாபில் பிறந்து, பின்னர் 1968-இல் நோபல் பரிசு பெற்ற ஹர் கோவிந்த் கொரானா அத்தகைய துண்டுகளைச் செயற்கையாகத் தயாரிக்கும் முறையை அமைத்திருந்தார். கலந்த சங்கிலிகள் இணைந்து கலப்புச் சுருளாயின. அடுத்த ஆண்டே பெஞ்சமின் ஹாலும் சால் ஸ்பீகல்மனும், வைரஸின் டி.என்.ஏ.யும் அவ்வைரஸ் தோற்றுவித்த ஆர்.என்.ஏ.யும் தம்முள் இணைவதைக் காட்டினர். வேறு வைரஸின் டி.என்.ஏ.யோடு அந்த ஆர்.என்.ஏ. இணையவில்லை. எழுத்து பொருந்தினாலன்றிக் கலப்பு இல்லை என்பது விளங்கிற்று.

கலப்புச் சுருளின் உருவத்தை அணு அணுவாக அறிய 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரிச் குழுவினர் பத்தெழுத்துச் சங்கிலி ஒன்றை ஆக்கினர். அதன் முதல் மூன்று எழுத்துகள் ஆர்.என்.ஏ.; எஞ்சிய ஏழும் டி.என்.ஏ. இத்தகைய இரு சங்கிலிகள் எதிரெதிராக இணைந்தபோது, இரு முனைகளிலும் கலப்புப் பகுதியும் நடுவில் தூய டி.என்.ஏ. பகுதியும் அமைந்தன. படிகத்தில் கண்டது யாது? எல்லா இணைகளும் வாட்சன்–கிரிக் இணைகளே. ஆனால் முழுச் சுருளும் ஆர்.என்.ஏ.க்கு உரிய ஏ வடிவத்தை எடுத்திருந்தது. டி.என்.ஏ.க்கு இயல்பான பி வடிவத்தில் சுற்றுக்குப் பத்துப் படிகள் இருக்க, இங்குச் சுற்றுக்குப் பதினொரு படிகள். சுருள் குறுகித் தடித்திருந்தது. நடுவிலிருந்த தூய டி.என்.ஏ.யும் தன் அண்டையிலுள்ள ஆர்.என்.ஏ.யைப் பின்பற்றி உருமாறியிருந்தது.

இதற்குக் காரணம் முன்பு கூறிய ஓர் ஆக்சிஜன் அணு. ரிபோஸின் இரண்டாம் கரி அணுவிலுள்ள அத்தொகுதி, சர்க்கரை வளையத்தை ஒரு விதமாக மட்டும் வளையச் செய்கிறது. அவ்வளைவு பி வடிவத்திற்கு ஒவ்வாது. டி.என்.ஏ.யின் சர்க்கரையோ இருவிதமாகவும் வளையக்கூடியது. ஆகவே இருவரும் கூடும் இடத்தில் வளைந்து கொடுப்பது டி.என்.ஏ.யே. பின்னர்க் கரைசல்களில் நடந்த காந்த ஒத்ததிர்வு ஆராய்ச்சிகள் மேலும் நுட்பமான செய்தியைத் தந்தன. கரைசலில் கலப்புச் சுருளின் ஆர்.என்.ஏ. சங்கிலி ஏ வடிவத்தில் நிலைத்திருக்க, டி.என்.ஏ. சங்கிலி இரண்டிற்கும் இடைப்பட்ட நிலையில் அசைந்து கொண்டிருக்கிறது.

உருவத்தை அறியும் நொதி

இவ்விடைப்பட்ட உருவத்தைச் செல்லிலுள்ள ஒரு நொதி நன்கு அறியும். ஆர்.என்.ஏஸ். எச் என்னும் அந்நொதி 1969-இல் கன்றின் தைமஸ் சுரப்பியில் கண்டுபிடிக்கப்பட்டது. அது கலப்புச் சுருளிலுள்ள ஆர்.என்.ஏ.யை மட்டும் வெட்டும். இரண்டும் ஆர்.என்.ஏ.யாக இருந்தால் வெட்டாது, இரண்டும் டி.என்.ஏ.யாக இருந்தாலும் வெட்டாது. எழுத்துகள் அனைத்திலும் ஒன்றாகவே இருப்பினும் இவ்வேற்றுமையை நொதி எவ்வாறு காண்கிறது? 2005-இல் அமெரிக்காவில் வெய் யாங் குழுவினர், ஒரு பாக்டீரியாவின் ஆர்.என்.ஏஸ். எச் நொதி கலப்புச் சுருளைப் பற்றியிருக்கும் நிலையிலேயே படிகமாக்கி விடை கண்டனர். நொதியின் ஒரு பகுதி ஆர்.என்.ஏ.யின் ஆக்சிஜன் தொகுதிகளைத் தொட்டுப் பார்க்கிறது. மற்றொரு பகுதி, டி.என்.ஏ. சங்கிலி பி வடிவத்தை ஒட்டி வளைந்து கொடுக்கிறதா என்று சோதிக்கிறது. இரண்டும் சரியானால்தான் வெட்டு விழும்.

எழுத்து வரிசையும் கலப்பின் வலிமையை மாற்றுகிறது. ஆர்.என்.ஏ.யில் யுராசில்கள் தொடர்ந்து நின்று, எதிரே டி.என்.ஏ.யில் அடினைன்கள் நிற்குமாயின், அக்கலப்பு மிக நொய்தானது என்று 1980-இல் கண்டறியப்பட்டது. பாக்டீரியாக்களில் ஆர்.என்.ஏ. பிரதி முடிய வேண்டிய இடங்கள் பலவற்றில் யுராசில் வரிசை ஒன்று வருகிறது. அங்கே கலப்புச் சுருள் தானே நெகிழ்ந்து பிரதி கழன்று விடுகிறது. நிறுத்தற்குறியைத் தனியே எழுதாமல், இணைப்பின் மெலிவையே இயற்கை நிறுத்தற்குறியாகக் கொண்டது.

காசநோய் மருந்தும் கலப்புச் சுருளும்

இவ்வறிவு ஆய்வுக்கூடத்தோடு நிற்பதன்று. மீண்டும் சுரங்கத்தை நினைவுகூர்வோம். குவார்ட்ஸ் பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்தூசு நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயை விளைவிக்கும். கோலார் தங்கவயல் தொழிலாளரின் மார்பை 1940-களிலேயே எக்ஸ்-கதிர்ப் படமெடுத்துச் சோதித்தபோது, பலரிடம் அந்நோய் காணப்பட்டது. சிலிக்கோசிஸ் உற்ற நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் தூசு உண்ட நுரையீரல் தூசு உண்டதே. ஆதலின் பழைய தொழிலாளரிடம் காசநோயைக் காலத்தே கண்டறிவது இன்றியமையாதது.

காசநோய்க்கு உரிய தலையாய மருந்துகளுள் ஒன்று ரிபாம்பிசின். அது பாக்டீரியாவைக் கொல்லும் இடம் எது? டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ.யைப் பிரதி எடுக்கும் நொதியே அதன் இலக்கு. அந்நொதியின் உள்ளே எட்டு அல்லது ஒன்பது இணைகள் கொண்ட கலப்புச் சுருள் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். முன்பக்கம் புதிய எழுத்து சேர, பின்பக்கம் ஓர் எழுத்து விலகும். 2001-இல் வெளியான படிக அமைப்பு ஒன்று, ரிபாம்பிசின் இந்நொதியில் அமரும் இடத்தைக் காட்டியது. புதிய ஆர்.என்.ஏ. வளர்ந்து செல்ல வேண்டிய பாதையின் குறுக்கே அது அமர்கிறது. ஆர்.என்.ஏ. இரண்டு மூன்று எழுத்துகள் நீண்டவுடன் மருந்தின் மீது மோதி நின்றுவிடும். கலப்புச் சுருள் முழுமை பெறுவதற்கு முன்னரே தடைப்படுவதால் பாக்டீரியா மடிகிறது. சென்னையில் 1956-இல் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம், நோயாளியை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை செய்யலாம் என்று உலகிற்கு மெய்ப்பித்தது. ரிபாம்பிசின் வந்த பின்னர்ச் சிகிச்சைக் காலமும் குறுகிற்று.

ஆனால் பாக்டீரியாவும் மாறும். நொதியைக் குறிக்கும் ஜீனில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதி உண்டு. ரிபாம்பிசினை எதிர்த்து நிற்கும் காசநோய்க் கிருமிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மாறுதல் அப்பகுதியிலேயே காணப்படுகிறது. பல சமயங்களில் மாறியது ஒரே எழுத்துதான். சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் வந்தால், மருந்து அமரும் இடம் கெட்டு, சிகிச்சை பயனற்றதாகிவிடும். இந்த ஓர் எழுத்தை எவ்வாறு காண்பது? கிருமியை வளர்த்து, மருந்திட்டுப் பார்த்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எழுத்தோடு எழுத்து இணையும் விதியைப் பயன்படுத்தினால் சில மணி நேரம் போதும். சரியான வரிசையுடைய சிறு டி.என்.ஏ. துண்டைச் சளியிலிருந்து பெற்ற டி.என்.ஏ.யோடு கலந்தால், எல்லா எழுத்தும் பொருந்தும் இடத்தில் அது உறுதியாக இணையும். ஓர் எழுத்து பொருந்தாவிடினும் இணைப்பு தளர்ந்துபோம். பெங்களூரின் பிக்டெக் ஆய்வுக்கூடமும் கோவாவின் மோல்பியோ நிறுவனமும் உருவாக்கிய ட்ரூநாட் கருவி, மின்கலத்தில் இயங்கி, சிறு சுகாதார நிலையத்திலேயே இத்தகைய சோதனையைச் செய்யவல்லது. 2020-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதனை ஏற்றுப் பரிந்துரைத்தது.

ஓர் எழுத்தின் பிழை

பொருந்தா இணையை நொதிகள் எவ்வாறு கண்டுகொள்கின்றன என்பதும் படிகங்களால் விளங்கிய செய்தியே. 1980-களில் கென்னார்ட் குழுவினர், வேண்டுமென்றே பிழையான எழுத்துகளை எதிரெதிரே வைத்துப் படிகமாக்கினர். குவானைன் எதிரே தைமின் நின்றால் அவை முற்றிலும் விலகிவிடுவதில்லை. சற்றே பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் கைகோத்துக் கொள்கின்றன. சுருள் உடையாமல் நிற்க, அவ்விடத்தின் உருவம் மட்டும் கோணுகிறது. பிழையைத் திருத்தும் நொதிகளுக்கு அக்கோணலே அடையாளம்.

இக்கோணலை நோயறிதலுக்குப் பயன்படுத்திய இந்திய முயற்சி ஒன்றும் குறிப்பிடத்தக்கது. கேஸ்-9 என்பது பாக்டீரியாவின் ஒரு புரதம். இருபது எழுத்துகள் கொண்ட வழிகாட்டி ஆர்.என்.ஏ. ஒன்றை ஏந்திச் சென்று, அவ்வெழுத்துகளுக்குப் பொருந்தும் டி.என்.ஏ.யைத் தேடிப் பிடிக்கும். பிடித்த இடத்தில் இருபது இணைகள் கொண்ட கலப்புச் சுருள் உண்டாகும். 2014-இல் வெளியான படிக அமைப்பில், அப்புரதத்தின் நடுப்பள்ளத்தில் இக்கலப்புச் சுருள் ஏ வடிவத்தை ஒட்டிக் கிடப்பது காணப்பட்டது. டெல்லியிலுள்ள விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் மரபணுத்தொகுதி நிலையத்தில் தேபஜோதி சக்கரவர்த்தியும் சௌவிக் மைத்தியும் வேறொரு பாக்டீரியாவின் கேஸ்-9 புரதத்தை ஆராய்ந்தனர். பொருந்தா எழுத்தை அது மிகக் கண்டிப்பாக விலக்குகிறது என்று 2019-இல் அவர்தம் குழு வெளியிட்டது. அரிவாளணுச் சோகை நோயை அறிவதற்காக அவர்கள் மேற்கொண்டிருந்த முறை, 2020-இல் கொரோனாத் தொற்றின்போது காகிதப் பட்டையில் முடிவு காட்டும் பெலூடா சோதனையாக உருவாகி, செப்டம்பர் மாதத்தில் அரசின் அனுமதி பெற்றது.

அதே ஆண்டு நம்மில் எத்தனையோ பேர் மூக்கிலிருந்து சளி எடுத்துக் கொடுத்துச் செய்துகொண்ட சோதனையிலும் முதற்படி ஒரு கலப்புச் சுருளே. கொரோனா வைரஸின் செய்தி ஆர்.என்.ஏ.யில் உள்ளது. அதற்கு எதிராக ஒரு டி.என்.ஏ. சங்கிலியை ஒரு நொதி முதலில் வனைகிறது. அவ்வாறு உண்டான கலப்பிலிருந்தே டி.என்.ஏ. பன்மடங்காகப் பெருக்கப்படுகிறது.

அரிவாளணுச் சோகை நம் தென்னாட்டிற்குப் புதிதன்று. இந்தியாவில் அந்நோயின் மரபுக்கூறு 1952-இல் நீலகிரி மலைவாழ் மக்களிடையேதான் முதன்முதல் அறியப்பட்டது. இரத்தத்தின் செந்நிறப் புரதத்தைக் குறிக்கும் ஜீனில் ஓர் அடினைன் தைமினாக மாறியதே அந்நோயின் முழுக் காரணம். 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய அரசு அந்நோயை ஒழிப்பதற்கான தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. அதன் முதற்பணி, மக்களைப் பரவலாகச் சோதித்து அறிவது. ஓர் எழுத்தை ஐயமின்றிப் படிக்கும் திறமை எளிய விலையில் எல்லா மலைக் கிராமங்களுக்கும் செல்ல வேண்டும். அதுவே அவ்வியக்கம் வெற்றி பெறும் வழி.

ஹூக்ஸ்டீனின் படிகம், ரிச்சின் கலப்பு, விஸ்வமித்ராவின் நான்கெழுத்துத் துண்டு ஆகியவற்றை ஆராய்ந்த நாளில், இவற்றால் காசநோயோ சோகையோ அறியப்படும் என்று கருதி எவரும் தொடங்கவில்லை. அடினைன் தைமினை எந்தக் கையால் பற்றுகிறது என்னும் வினாவிற்கு உறுதியான விடை வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். அவ்விடை உறுதியானதால்தான், இன்று ஒரு சுகாதார நிலையத்தில் ஒரு துளிச் சளியையோ இரத்தத்தையோ வைத்துக்கொண்டு, எந்த மருந்து பயன்படும், எது பயன்படாது என்று சொல்ல முடிகிறது. பெங்களூரிலும் சென்னையிலும் நியூக்ளிக் அமிலப் படிகங்களை ஆராயும் இளைஞர்கள் இன்றும் உளர். இரட்டைச் சுருளின் பொது உருவம் தெரிந்துவிட்டது. எந்த வரிசையில், எந்தப் புரதத்தின் பிடியில், அது எவ்வாறு வளையும் என்பதில் அறிய வேண்டியவை இன்னும் மிகுதியாக உள்ளன.